இரவல் போன கோல்கீப்பர்

நேற்று மாலை தாம்பரத்தில் மின்ரயில் ஏறியதும் வலித் தைலத்தின் நெடி வந்தது. எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி, நீ செத்துப்போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் விரல்களில் எப்போதும் இருந்த வாசனை அது. வேறு பெட்டிக்கு மாறிவிட்டேன்.

வெளிநாட்டுப் பெண்கள் அணிகளை அழைத்து இங்கே கால்பந்துப் போட்டி நடத்திய வருடம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து உன்னை சைக்கிளில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கொண்டுவந்தேன். நீ நம் அணியின் மாற்று கோல்கீப்பர். பெஞ்சில் உட்காரத்தான் போகிறாய். அது போதும் என்றாய். போட்டி முடிந்ததும் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பார்கள். முகாமுக்குப் போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. அப்பா படுத்த படுக்கையாக இருந்த நம் வீட்டில் அந்த வேலையைப் பற்றித்தான் பேச்சு.

ஆட்டத்துக்குச் சற்று முன்பு, நம்மோடு மோதவிருந்த விருந்தாளி அணிக்காரர்கள் பதறிப்போய் வந்தார்கள். அவர்களுடைய கோல்கீப்பருக்கு வயிற்றுப்போக்கு. மாற்று கோல்கீப்பருக்கு விரல் முறிந்திருந்தது. அழைப்புப் போட்டிதானே, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இரவல் ஆள் இறங்கலாம். நம் அணி மேனேஜர் உன்னைக் காட்டினார். பிறகு உன்னைத் தனியே அழைத்துச் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“கெஸ்ட்டுக்கு ஒரு மரியாதைம்மா, அவ்ளோதான். ரொம்பப் பாயாதே. கேம்புக்கு யார் போறாங்கன்னு நான்தான் சொல்லணும்.”

“சரி சார்.”

அவர்களுடைய மஞ்சள் ஜெர்சி உனக்குத் தொளதொளவென்று இருந்தது. அதன் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு கோலில் நின்றாய். முதல் பந்தை நீ பிடித்தபோது சவுக்குக் கம்பு கேலரியில் இருந்த நம் தெருக்காரர்கள் கைதட்டினார்கள். அடுத்தடுத்துப் பிடித்தபோது தட்டவில்லை.

“இன்னாம்மா, ஜெர்சி மாத்துனதும் ஊரையே மறந்துட்டியா?”

“வுடுறா, அந்த ஊர்லயே மாப்ள பாத்துக்கினு கீது போல!”

சிரித்தார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நமக்குப் பெனால்டி கிடைத்தது.

பந்தை வைத்தவள் நம் கேப்டன், படப்பைக்காரி. தினமும் உன்னோடு பயிற்சி செய்தவள். அவள் எந்தப் பக்கம் அடிப்பாள் என்று உனக்குத் தெரியும். கோட்டோரம் நின்ற மேனேஜர் உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். நீ பார்த்தாய். நீ பார்த்ததை நானும் பார்த்தேன். அவள் ஓடிவந்தாள்.

நீ பாய்ந்தாய். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புழுதியில் கிடந்தாய்.

வெளிநாட்டுப் பெண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டார்கள். நம் அணியிலிருந்து ஒருத்திகூட உன் பக்கம் வரவில்லை. திரும்பும் வழியில் கேட்டேன்.

“ஏண்டி புடிச்சே?”

“பால் வருதுண்ணா. புடிக்காம இன்னா பண்றது?”

முகாமுக்குப் போனவர்களில் நீ இல்லை. பிறகு எந்த அணியிலும் இல்லை. கூடுவாஞ்சேரியில் கல்யாணம், ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல். சில வருடங்கள் கழித்து அந்த மேனேஜர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு உன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். “உக்காருங்க சார்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவருக்குக் காபி கொடுத்தாய். நான் என் டம்ளரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

“அவரும் பாவம்ணா. தோத்தா மேல உள்ளவங்களுக்கு பதில் சொல்லணும்ல?” என்றாய் வாசல்வரை வந்து. அதற்காக உன்னோடு ஒரு பொங்கல் முழுக்கப் பேசவில்லை. அவர்மேல் இருந்த கோபத்தைவிட அன்று உன்மேல் கூடுதல் கோபம். யாருடைய வேலை போனது என்று உனக்கு நினைவே இல்லையா?

உன் சாவுக்கு அவர் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அவளை மாதிரி ஒரு கீப்பரை நான் பார்த்ததில்ல தம்பி.”

“அப்புறம் ஏன் சார் அனுப்பல?”

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் கணவர் என் தோளைத் தொட்டார். மேனேஜர் குனிந்து செருப்பைத் தேடினார். கிடைக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

நீ இருந்தால் இதற்கும் திட்டுவாய். திட்டு. அந்த மனுஷனை எந்தத் தெருவில் பார்த்தாலும் அதையேதான் மறுபடியும் கேட்பேன்.