பேச்சியம்மாவின் பிறப்புத் துண்டை வெல்டன்மோர் பிரபு குடும்பத்தாரிடமிருந்து மீட்டுத் தரக் கோருதல்

அனுப்புநர்:
சின்னையா மாயாண்டி (வயது 71), விவசாயம்,
துணுக்காய்.

பெறுநர்:
பிரதேச செயலாளர்,
துணுக்காய்.

விடயம்: இங்கிலாந்துப் பிரபு குடும்பத்தின் வம்சாவளி எழுத வந்தவர்கள் என் தாயாரின் பிறப்புத் துண்டை (பிறப்புச் சான்றிதழை)க் கொண்டுபோய்த் திருப்பித் தராதது.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. சொல்லச் சொல்ல என் மகள் நிசாந்தினி எழுதுகிறாள். 1977 இனக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, தாயார் பேச்சியம்மாவுடன் இங்கே வந்தோம். அப்போது இது முழுக்கப் பாலைமரக் காடு. வெட்டி முடிக்க மூன்று கோடாரி தேய்ந்தது. அது இருக்கட்டும். காணிப் பெர்மிட் தாயார் பெயரில் உள்ளது. அவர் இறந்துவிட்டார். அதை என் பெயருக்கு மாற்ற, பெர்மிட்டில் உள்ள பேச்சியம்மாவும் என் பிறப்புத் துண்டில் தாய் என்று உள்ள பேச்சியம்மாவும் ஒருவரே என்று இம்மாதம் 18ஆம் திகதி காணிக் கச்சேரி விசாரணையில் காட்ட வேண்டும். அதற்குத் தாயாரின் அந்தத் துண்டைத் தவிர வேறு கடதாசி இல்லை.

2. கடந்த ஆனி மாதம் ஒரு வெள்ளைக்கார அம்மாவும், அவருக்கு மொழிபெயர்க்கும், பரந்தனைச் சேர்ந்த செந்தூரனும் வேனில் வந்தார்கள். அந்த அம்மா விரித்த வம்சாவளிக் கடதாசி வாசலில் தொடங்கிக் குசினி வரை போனது. பறக்காமலிருக்க மூலைக்கொரு தேங்காய் வைத்தோம். அறுநூறு வருடத்து வெல்டன்மோர் பிரபுக்கள் அதில் இருந்தார்கள். யார் யாரைக் கட்டினார், எந்தச் சண்டையில் செத்தார், எல்லாம் உண்டு. பட்டமும் மாளிகையும் மூத்த மகனுக்கே போகுமாம். இளையவர் பிழைப்புத் தேடிக் கப்பலேற வேண்டுமாம். எங்கள் ஆட்களும் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள்தான். ஆனால் மூத்தவன், இளையவன் என்று பார்க்கவில்லை, எல்லோரையும் ஏற்றினார்கள்.

3. அப்படி வந்த இளையவர் ஒருவர் எங்கள் தோட்டத்தில் சின்னத் துரையாக, அதாவது பெரிய துரைக்கு உதவி அதிகாரியாக இருந்தார். அவருடைய பங்களாவில் என் தாயாரைப் பெற்ற காமாட்சி வேலை செய்தார். துரையின் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு இழுத்து, என் தாயாரின் பெயர் எழுதியிருந்தது. செந்தூரனே வாசித்துக் காட்டினார். பிறப்புத் துண்டிலோ தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமையாக உள்ளது. “படம் எடுத்துப்போட்டு நாளைக்கே தாறம், ஐயா” என்று அதை வாங்கிப் போனார்.

4. நாற்பது நாள் கழித்துச் செந்தூரன் தனியாக வந்தார். கையில் ஆங்கிலக் கடதாசி. “உங்கட அம்மா அந்தத் துரையின்ர பிள்ளை இல்லையெண்டு இருக்குது, அவ்வளவுதான். பெருவிரலை வையுங்கோ, துண்டு தன்பாட்டில வரும்” என்றார். என் மனைவி மீனம்மா அடுப்படியிலிருந்து, “ஏந்தம்பி, இல்லாத ஒறவ இல்லேன்னு எழுதி வாங்க, சீமையிலருந்து எவனாச்சும் வேன் புடிச்சி வருவானா?” என்று கேட்டாள். “அம்மா, தேத்தண்ணி இருந்தா தாங்கோவன்” என்று அவர் கதையை மாற்றினார். தேநீர் கொடுத்தோம். விரல் கொடுக்கவில்லை.

5. எனக்குப் பிரபு பட்டம் வேண்டாம், ஐயா. தன் தகப்பன் யார் என்று நான் கேட்டபோதெல்லாம் தாயார், “எழுதாம விட்டது விட்டதாவே இருக்கட்டும்டா” என்றார். எனக்கே தெரியாததை இல்லையென்று எப்படிச் சொல்வேன்?

6. ஆகவே செந்தூரனை அழைத்து விசாரித்து, 18ஆம் திகதிக்கு முன் துண்டை மீட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வேறொன்றைக் கொண்டுவந்து நீட்டவும் கூடும். உண்மையான துண்டில் வலது மூலையில் மஞ்சள் கறையும், மடிப்பில் செல்லரித்த ஓட்டையும் இருக்கும். தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருக்க வேண்டும். அங்கே எவ்வளவு பெரிய பெயர் எழுதியிருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

இந்த மனுவை மகள் மூன்று தரம் வாசித்துக் காட்டிய பிறகே விரல் வைக்கிறேன். வெட்டியெடுத்து வேறு கடதாசியில் ஒட்டாதபடி, என் பெயரெழுத்தின் மேலேயே வைத்திருக்கிறேன்.

இடம்: துணுக்காய்
திகதி: 02.09.2024

சி. மாயாண்டி
(இடது பெருவிரல் அடையாளம்)