வெர்னாவின் வலது கால்

லாரல் கேப், வர்ஜீனியா
10 ஜூன் 1974

கோபக்காரத் தம்பி கிளைடுக்கு,

நீ உன் பாஞ்சோ வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு டேட்டனுக்குப் போனதிலிருந்து நம் பாட்டுக் குழு உப்புச்சப்பில்லாமல் கிடக்கிறது. எழுதக் கூடாது என்றுதான் வீம்பாக இருந்தேன். என் முட்டி விடவில்லை.

மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தேன். வலது காலில் கட்டு. சனிக்கிழமை தீயணைப்பு நிலைய நடனத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிடில் வாசித்தேன். நான் காலைத் தூக்கிச் சைகை காட்டினால்தானே நம்மவர்கள் பாட்டை முடிப்பார்கள்? தூக்க முடியவில்லை. தலையை ஆட்டினேன், தாளம் என்று நினைத்தார்கள். கத்தினேன், உற்சாகம் என்று அவர்களும் கத்தினார்கள். தபாலாபீஸ் மேபல் ஆடிக்கொண்டே, "அடியே வெர்னா, நிறுத்துடி! இடுப்பு கழண்டுடும்!" என்று அலறினாள். பிடில் தந்தி அறுந்துதான் பாட்டு நின்றது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை பெரிய நடனம். என் முகத்தைப் பார்த்தே முடிவைப் புரிந்துகொள்கிறவன் நீ ஒருவன்தான். வந்து எனக்குப் பதிலாகக் காலைத் தூக்கு. நீ இல்லாமல் எனக்கு வாசிக்கவே பிடிக்கவில்லை.

உன் அக்கா,
வெர்னா

டேட்டன், ஒஹையோ
17 ஜூன் 1974

அராஜகக்கார அக்காவுக்கு,

சிரித்துப் புரையேறிவிட்டது. என் கை சூடேறும்போதெல்லாம் காலைத் தூக்கிப் பாட்டை முடித்தவள் நீ. "இன்னும் ஒரு சுத்துக்கா" என்று கெஞ்சினால், "பெரியவ நான்டா" என்பாய். அதற்குத்தானே சண்டை போட்டுக் கிளம்பினேன்? அந்தக் காலுக்கு இந்தக் கதியா!

வருகிறேன். ஆனால் உயிரே போனாலும் என் காலைத் தூக்க மாட்டேன். ஆப்பிள் பணியாரம் பொரித்து வை.

கிளைடு

லாரல் கேப்
1 ஜூலை 1974

என் செல்லத் தம்பிக்கு,

ஞாயிறு காலையே பேருந்துக்கு ஓடிவிட்டாய், பேசக்கூட முடியவில்லை.

என்ன ஆட்டம்டா அது! ஒரே மைக்குக்கு எல்லோரும் முட்டி மோதினோம். உன் பாஞ்சோ உள்ளே நுழைந்ததும் கூடத்துப் பலகையெல்லாம் அதிர்ந்தது. மேபல் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள். நீயோ இரண்டு பூட்ஸையும் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்து இளித்தாய். சுற்று மேல் சுற்றாகப் போனது. கடைசியில் யார் கெஞ்சியது? "விரல் தேயுதுக்கா, போதும்க்கா!" என்று நீயே காலைத் தூக்கினாய்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. நடனத்துக்கு முந்தின வியாழக்கிழமையே மருத்துவர் கட்டை அவிழ்த்துவிட்டார். நான்தான் திரும்பச் சுற்றிக்கொண்டேன். நினைத்திருந்தால் முதல் பாட்டிலேயே காலைத் தூக்கியிருக்கலாம். நீ வாசித்ததைக் கேட்டு நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்த நடனத்துக்கும் வா. கட்டுத்துணியைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.

வெர்னா