வாங்க மறுத்த தபால்

பிப்ரவரி 3, செவ்வாய்
குழந்தை ஃபெபாவுக்கு ஒன்பது மாதம் முடிந்தது. கேசரி கிளறிக்கொண்டிருந்தபோது கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனா வந்தார். வீட்டை ஒப்படைக்க வேண்டுமாம். கணவர் ஸ்டெபினின் பெரியப்பா அற்புதராஜ், வீடு தனதென்று போன வருடம் எங்கள் மேல் வழக்குப் போட்டு, நாங்கள் ஆஜராகாததால் அவருக்கே தீர்ப்பாகிவிட்டதாம். வழக்கா? எப்போது? சம்மனை நான் வாங்க மறுத்ததாகத் தாளில் இருக்கிறது.

பிப்ரவரி 4
ஞாபகம் வந்துவிட்டது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ஊர்க்கூட்டம் போட்டோம்: சர்க்கார் கவர் எதையும் யாரும் வாங்கக் கூடாது. தபால் கொடுக்கும் பவளம் அக்கா ஜூலையில் ஒரு பழுப்புக் கவரை நீட்டினார்.
"எங்கிருந்துன்னு பாத்துட்டாச்சும் சொல்லும்மா."
"எதுவா இருந்தாலும் வேணாங்க்கா."
கையில் குழந்தை. பி.காம். படித்தவள் — அனுப்புநர் முகவரியைப் பார்த்தேனா?

பிப்ரவரி 6
வக்கீல் பாஸ்கரன், தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம் என்றார். "ஆனா அது ஜட்ஜோட விருப்பம்மா. காரணம் வலுவா இருக்கணும். தபாலே வரலன்னு போட்டுடலாம்."
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 7
ஸ்டெபின் எல்லாம் சரியாயிடும் என்கிறார். எது?

பிப்ரவரி 19
பெரியப்பா தரப்பு பவளம் அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. இன்று சூளகிரி பஸ் ஸ்டாண்டில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.
"காலேஜெல்லாம் படிச்சவ, அழகா எழுதிக் குடுத்திருக்க! நான் வராமலே மறுத்தாங்கன்னு எழுதினேனா? என் வேலை போயிடும் கண்ணு."
பஸ்ஸில் ஏறிவிட்டேன்.
ஸ்டெபினிடம் சொன்னேன். கத்தினார். "அவங்களுக்காக வீட்ட விட்டுடலாமா? சொல்லு, நாளைக்கே லாரி புடிக்கறேன்!"
குழந்தையை எங்கே தூக்கிக்கொண்டு போவது? ஆனால் அந்தக்கா வந்தாங்களே. வந்தாங்கதானே.

மார்ச் 4
உண்மையை எழுதிப் புது மனு. பாஸ்கரன் முகம் கொடுத்தே பேசவில்லை. ஜட்ஜம்மா நேராக என்னைக் கேட்டார்.
"முன்னாடி சொன்னது பொய்யா?"
"ஆமாங்க மேடம்."
"இப்ப ஏன் மாத்தறீங்க?"
"தபால் குடுக்கற அக்கா வேலை போயிடுங்க."
பின்னாலிருந்து பெரியப்பா, "ஒத்துக்கிச்சு பாரு!" என்றார். ஜட்ஜம்மா நிமிர்ந்து பார்த்ததும் அடங்கினார்.

மார்ச் 11
பழைய தீர்ப்பு ரத்து. மறுத்தது தவறு, பொய் சொன்னது அதைவிடத் தவறு. ஆனாலும் வழக்குக்குப் பயந்து மறுக்கவில்லை, எங்கள் தரப்பைக் கேட்காமல் குடும்பத்தை வெளியே அனுப்ப மனமில்லை என்று உத்தரவு. ஒரு நிபந்தனை: ஒரு வாய்தாவுக்கு எங்களில் யாரும் வராவிட்டாலும் பழைய தீர்ப்பே நிற்கும்.
"வேற ஜட்ஜா இருந்தா தள்ளுபடி பண்ணியிருப்பாங்க" என்றார் பாஸ்கரன். நல்ல ஆறுதல்! நாளைக்கே வேறு ஜட்ஜ் வந்தால்?

ஏப்ரல் 9
முதல் வாய்தா. ஸ்டெபினுக்கு லீவு கிடைக்கவில்லை. ஃபெபாவுக்கு விடியற்காலையிலிருந்து காய்ச்சல். மருந்து கொடுத்து, தூக்கிக்கொண்டே போனேன். வராந்தா பெஞ்சில் பெரியப்பா. அவர் பக்கத்தில்தான் இடம் இருந்தது. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.
"கொதிக்குதே. ஏம்மா தூக்கினு வந்த?"
"வரலன்னா வீடு உங்களுதாயிடும் மாமா."
அவர் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.