பூஜிதாவின் ரூமுக்கு ஃபோம் அடித்த நாட்கள்

சித்திரை 17, வியாழன்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: மகன் வெங்கடேசன், மருமகள் சரளா, பேத்தி பூஜிதா, திருப்பதியிலிருந்து ஃபோம் அடிக்க வந்த மஸ்தான், அவருடைய ஆட்கள் சீனு, ரமணா, அப்புறம் நான். காற்றே இல்லை. கா. 9 மணிக்கே வெயில் ஏறிக் கூரைத் தகரம் படபடவென்று சத்தம்.

பின் ரூமைப் பார்த்தார்கள். பனஞ்சட்டம், அதன்மேல் தகரம். ஏசி இருக்கிறது. கரண்ட் போனால் அரை மணியில் ரூம் வெந்துவிடும்.

பூஜிதாவுக்கு ஏழு வயது. பிறவியிலேயே வேர்வை வராது. உடம்புச் சூடு இறங்க வழி கிடையாது. இரண்டு வருடம் முன்பு புத்தூர்க் கல்யாணத்தில் சுருண்டு விழுந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் நான்கு நாள். அன்று நான் கட்டியிருந்தது பச்சைச் சுங்குடி. பந்தியில் சேப்பங்கிழங்கு வறுவல். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

வெங்கடேசனுக்குச் சித்தூரில் மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை. அங்கே குளிர் ரூமின் சுவரிலும் கூரையிலும் ஃபோம். குளிர் வெளியே போகாதாம். "மாம்பயத்துக்கே செய்றாங்க. எம் பொண்ணுக்கு நான் செய்யக் கூடாதா?" என்கிறான். வாஸ்தவம்.

சரளா முடிவாகச் சொல்லிவிட்டாள். புதன்கிழமை பெங்களூரிலிருந்து அவள் அண்ணன் கார் கொண்டு வருகிறார். அதற்குள் ரூம் நன்றாக இருந்தால் பிள்ளை இங்கே. இல்லையென்றால் அவர் வீட்டில், பள்ளிக்கூடமும் அங்கேயே. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பெற்றவள்.

மஸ்தான் சொன்னது, மறக்காமல் இருக்க:
- சட்டம், தகரம் இரண்டையும் காய்ந்த துணியால் துடைப்பது. தண்ணீர் படக் கூடாது. வேறு எதுவும் பூசக் கூடாது.
- ஒழுகும் ஆணி ஓட்டைகளை முதலில் அடைப்பது.
- ஒயர் எல்லாம் குழாய்க்குள்.
- அடித்த பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் உள்ளே போகக் கூடாது.

சித்திரை 18, வெள்ளி

துடைத்தேன். ஏணியைச் சரளா பிடித்துக்கொண்டாள், பிறகு சமையலுக்குப் போய்விட்டாள். தூசி, ஒட்டடை, செத்த பல்லி ஒன்று.

சட்டத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட சட்டம். நாளைக்கு மூடிவிட்டால் செல் அரித்தாலும் தெரியாது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து ஒவ்வொரு சட்டத்துக்கும் தடவினேன். கை எட்டின மட்டும் தகரத்திலும். மருந்துதானே. கை வலி. மனசுக்குத் திருப்தி.

சித்திரை 19, சனி

எதிர் வீட்டு வசந்தா வீட்டில் எல்லோரும். பிள்ளை தலையில் ஈரத் துண்டு.

கா. 7 மணிக்கு ஆரம்பித்தார்கள். வெள்ளை உடுப்பு, முகமூடி. இரண்டு டிரம்மிலிருந்து இரண்டு குழாய், முனையில் துப்பாக்கி மாதிரி ஒன்று. மெல்லிசாகப் பீச்சுகிறது, எண்ணி முடிப்பதற்குள் பொங்கி நிற்கிறது. ஜன்னல் வழியே பூஜிதா பார்த்தாள். "ஆயா, வூட்டுக்கு இட்லி ஊத்துறாங்க!"

அந்த வாய்க்குச் சர்க்கரை போடலாம். ஆனால் அதேதான் நடந்தது. எண்ணெய் தடவின தட்டிலிருந்து இட்லி வருகிற மாதிரி, சட்டத்தோரம் முழுக்கப் பெயர்ந்து தொங்கியது. ரமணா தொட்டான், ஒரு துண்டு அவன் தோளிலேயே விழுந்தது.

மஸ்தான் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். சட்டத்தைத் தேய்த்த விரலை முகர்ந்தார். என் கையைப் பார்த்தார். நகம் எல்லாம் மஞ்சள். புதன்கிழமை கார் வரப்போகிறது. நானே என் பிள்ளையை வண்டி ஏற்றி அனுப்புகிறேன் என்று நினைத்தேன்.

வெங்கடேசன் ஓடி வந்தான். "இன்னா பாய், இன்னா ஆச்சி?"

"சட்டம் பழசு சார். எண்ணெப் பிசுக்கு ஏறிக் கீது. அடிக்கிறதுக்கு முன்னால நான்தான் தொட்டுப் பாத்திருக்கணும். தப்பு நம்மளது."

"புதனுக்குள்ள முடியுமா?"

"செய்தாம் சார். பர்வாலேது."

முடித்துவிடலாம், பரவாயில்லை என்கிறார். நான் மஞ்சள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். மா. 6 மணி வரை மூன்று பேரும் மரத்தூள் போட்டு, மருந்து போட்டு, உப்புத்தாள் போட்டு சட்டம் சட்டமாகத் தேய்த்தார்கள். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மஸ்தான் டம்ளரை வாங்கும்போது மெதுவாக, "அம்மா, இன்னிக்கி ஒண்ணியும் பூசாதீங்க, சரேனா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சித்திரை 20, ஞாயிறு

மறுபடி அடித்தார்கள். ஓரமாகக் கொஞ்சம் அடித்து, காயவிட்டு, பிய்த்துப் பார்த்து, பிறகுதான் மற்றது. ஒட்டிக்கொண்டது! மெல்லிசாக ஒரு தடவை, சூடு ஆறினதும் அதன்மேல் இன்னொரு தடவை. ஒரேயடியாகத் தடிப்பாக அடிக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். உள்ளே சூடு தங்கி வெந்துபோகுமாம், நெருப்பே பிடிக்குமாம். தகரமும் சுவரும் சேருகிற சந்து முழுக்க அடைத்தார். வெக்கை நுழைவது அங்கேதானாம். மூச்சுக்குக் காற்று வேண்டும் என்று சின்ன ஃபேன் வைக்க மட்டும் ஓட்டை விட்டார்.

சித்திரை 22, செவ்வாய்

நேற்று முழுக்க ஜன்னல் திறந்து கிடந்தது. நாற்றம் போய்விட்டது. இன்று ஃபோமை மூடிப் போர்டு அடித்தார்கள். மூடாமல் விட்டால் தீப்பொறி பட்டதும் பற்றுமாம்.

மாடத்தில் விளக்கேற்றப் போனேன். மஸ்தான், "ஒத்து அம்மா. இந்த ரூம்ல விளக்கு வேணாம், ஊதுவத்தி கூட வேணாம்" என்றார். போர்டு போட்ட பிறகுமா? ஆமாம். திருத்தணி முருகன் படத்தைக் கூடத்துக்கு மாற்றினேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரளா துணி துவைக்கும்போது, "அத்தை, உங்க வெள்ளிக்கெயம பொடவையில வேப்பெண்ணெ வாசன போவவே இல்ல" என்றாள். "உங்க புள்ளைக்குத் தெரியாது. நான் சொல்லல" என்று இன்னொரு புடவையை எடுத்துப் பிழிந்தாள். அவள் கல்யாணம் ஆகி வந்த புதிதில் என் வெண்கலக் குண்டானைக் கீழே போட்டு நசுக்கினதை ஒன்பது வருடமாக மனசில் வைத்திருந்தேன். இன்றோடு அது போயிற்று.

சித்திரை 23, புதன்

சரளாவின் அண்ணன் 12 மணிக்கு வந்தார். பிள்ளையின் பெட்டி வாசலில் தயார். 1 மணிக்குக் கரண்ட் போனது. எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பின் ரூமில் சூடு காட்டும் கடிகாரம். அப்போது 27. அண்ணன் பாய் போட்டு உட்கார்ந்தார். பூஜிதா அவரோடு சீட்டு ஆடினாள். நான் கதவருகே. 28. இரண்டு மணி நேரம் ஆனபோது 30. வெளியே செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. போன வருடம் இதே ரூம் அரை மணியில் 38.

அண்ணன் பிள்ளையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். "சில்லுனு கீறா" என்றார். பிறகு சரளாவிடம்: "பெட்டிய உள்ள வெய்ம்மா. சோறு போடு, துன்னுட்டு கெளம்புறேன்."

கொல்லைப் பக்கம் போய் அழுதேன். மஸ்தானுக்குப் போன் செய்தேன். "நகத்து மஞ்ச போச்சா அம்மா?" என்று கேட்டார். உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும் என்றேன்.

சித்திரை 25, வெள்ளி

மாமரத்தில் காற்று கொஞ்சம். பூஜிதா பின் ரூமில் படம் வரைகிறாள்.

நாத்தனார் சொர்ணம் புத்தூரிலிருந்து வந்தாள். ரூமில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "அடேயப்பா, ஊட்டியாட்டம் கீதே அண்ணி! அன்னிக்கி நான் வெய்யில்ல நிக்க வெச்சதும் நல்லதுக்குத்தான். இல்லன்னா இதெல்லாம் செஞ்சிருப்பீங்களா?"

கல்யாணப் பந்தலுக்கு வெளியே நிற்கவைத்து, கொஞ்சம் காய்ந்தால் தானாக வேர்க்கும் என்று சொன்னவள் இவள்தான். நான் பந்தியில் இருந்தேன். ஆயாகிட்ட போறேன் என்று பிள்ளை இழுக்க இழுக்க, கையை விடவில்லையாம். பிள்ளையே எனக்குச் சொன்னது. மணிக்கட்டில் அவள் வளையல் பதிந்த தடம்.

காபி கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டேன்.

எல்லோரும் நன்றாக இருக்கட்டும். மஸ்தான், சீனு, ரமணா, சரளா, அவள் அண்ணன். கரண்ட் ஆபீஸ் ஆள்மேல் பதினோரு வருடக் கோபம். புதன்கிழமை சரியாக 1 மணிக்கு நிறுத்தினானே, அதற்காக அவனையும் விட்டுவிட்டேன். ஒருத்தியை மட்டும் விட என்னால் ஆகாது. சொர்ணம்.