மீனுக்கு இடமிருந்த வண்டி

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன். கை ஏதோ பழக்கத்தில் எழுதிவிட்டது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செங்காங் வீட்டில் பிள்ளைகள் மூவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள். நான் பெற்ற கவிதா, உங்கள் மனைவி, இப்போது உங்கள் வண்டியை ஓட்டுகிறாள். கார் பார்க் தூணில் ஒருமுறை உரசிவிட்டாள். நெஞ்சுவலி வராமல் இருந்திருந்தால், அதைப் பார்த்தே உயிரை விட்டிருப்பீர்கள்.

ஏழு பேர் உட்காரும் வண்டி என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? வாங்கிய ஜோரில் பின்பக்கம் பலகை அடித்து இழுப்பறை பொருத்தினீர்கள். பைகள் சாயாமலிருக்கக் கொக்கி, சாமான் உருளாமலிருக்க வலை, மீன் தண்ணீர் சொட்டினால் கழுவிவிட ரப்பர் தட்டு, கூரைமேல் ஒரு பெட்டி. வந்தவர் போனவரிடமெல்லாம் இழுத்து இழுத்துக் காட்டினீர்கள்.

"நான் எங்க மாப்பிள்ளை உட்கார்றது?" என்று கேட்டேன்.

"கடைசி வரிசை சீட்டக் கழட்டிட்டேன் அத்தை. சாமானுக்கு இடம் வேணுமில்ல?" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் வலையைச் சரிசெய்துகொண்டே சொன்னீர்கள்.

ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் மீனும் கறியும் வாங்கி வைத்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் குடும்பத்தோடு வந்து பைகளை ஏற்றிக்கொள்வீர்கள். முன்னால் நீங்கள் இருவர், நடுவில் பிள்ளைகள் மூவர். நான் எம்ஆர்டி ரயிலில் செங்காங் வந்து, அதே மீனைக் கழுவிக் குழம்பு வைப்பேன். மீனுக்கு இடம் இருந்தது, மீன் வாங்கியவளுக்கு இல்லை. முழங்கால் வலியோடு ரயிலில் நின்றுகொண்டு உங்களை என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமா? சாப்பாட்டு மேசையில் நேருக்கு நேராகவும் திட்டினேன், அது தெரியும்.

அதனால்தான் உங்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இனிமேலாவது வண்டியில எனக்கு ஒரு இடம் கிடைக்கும்" என்றேன். அழ வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

சொன்னதோடு விட்டேனா? இழுப்பறையைக் கழட்டு, எனக்குச் சீட் போடு என்று கவிதாவை நச்சரித்தேன். "அப்புறம் பார்க்கலாம்மா" என்று இழுத்தடித்தாள். போன சனிக்கிழமை அதைப் பொருத்திக் கொடுத்த பட்டறைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அங்கே வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி பலகையைத் தூக்கினார். அடியில் இரண்டு சீட்டும் மடங்கிக் கிடந்தன. புது வண்டியில் வந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.

"கழட்டிட்டதா சொன்னாங்களே தம்பி?"

"கழட்டவே இல்லம்மா. மடக்கிட்டு மேல பலகைய அடிச்சோம். அண்ணன் பலகை வேணாம், அத்தைக்கு இடம் வேணும்னுதான் சொன்னாரு. அக்காதான் அடிச்சே ஆகணும்னு நின்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். கவிதா கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பழைய கதை லா, விடும்மா" என்றாள். நான் விடவில்லை. கடைசியில் வெடித்தாள். "ஏறினா இறங்குற வரைக்கும் என்னைக் குறை சொல்லிட்டே வருவ. பிள்ளைங்க முன்னாடி. அந்த அரை மணி நேரமாவது நிம்மதியா இருக்கணும்னு நினைச்சேன், போதுமா?"

மாப்பிள்ளை, அவள் பொய்யை உங்கள் தலையில் போட்டுக்கொண்டு, என் வசவைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினீர்களே, ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா?

சீட்டை நிமிர்த்தியாகிவிட்டது. வரும் ஞாயிறு அதில்தான் உட்காரப் போகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தேக்காவிலிருந்து செங்காங் வரை ஒரு வார்த்தை பேச மாட்டேன். அடுத்த வாரமும் பேச மாட்டேன், சாகும்வரை அந்த வண்டியில் பேச மாட்டேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டட்டும். கேட்ட நிம்மதியை உங்கள் மனைவி முழுசாக அனுபவிக்கட்டும்.

இப்படிக்கு,
திட்டியதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்காத
உங்கள் அத்தை