ஓட்டுபவன் பக்கத்துத் தகடு

பாலத்துத் தோட்டம்,
கோல சிலாங்கூர்.
7-10-1951

அன்புள்ள மாப்பிள்ளை தங்கராஜுக்கு உடையப்பன் எழுதுவது.

மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே யாவரும் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சி நவமணியும் சின்னப் பயலும் அப்படியே இருக்க வேண்டும். பயலுக்கு நாலு பல் வந்துவிட்டதாமே! கிள்ளான் பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தாய்மாமனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. ஆபீசில் அத்தனை காகிதம் எழுதுகிற கைக்கு எனக்கு ஒரு வரி எழுத வலிக்கிறதா?

விஷயம் நான் ஓட்டுகிற துரை ஜீப்பைப் பற்றியது. சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டபோது வாங்கிய வண்டி என்பது உங்களுக்குத் தெரியும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்கள் துரைமார்களைச் சுட ஆரம்பித்த பிறகு சுற்றிலும் இரும்புத் தகடு அடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பாரத்தை இரண்டு வருஷமாகச் சுமந்து சுமந்து ஸ்பிரிங் பட்டைகள் படுத்துவிட்டன. அடிச்சட்டமான சேசிஸில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. எல்லாவற்றிலும் மோசம், முன் சக்கரங்கள் இழுப்பதில்லை. நாலு சக்கரமும் இழுத்தால்தான் அது ஜீப். இப்போது பின்னால் இரண்டு மட்டும் உழைக்க, முன்னால் இரண்டும் சும்மா உருண்டு வருகின்றன.

போன வியாழக்கிழமை பதினெட்டாம் நம்பர் ரப்பர்க் காட்டில் செம்மண் சேற்றில் புதைந்துவிட்டது. அரைமணி நேரம், மாப்பிள்ளை. ஒரு பக்கம் ரப்பர் மரம், மறுபக்கம் காடு. துரை உள்ளே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி மண்வெட்டியால் சேற்றை வாரினேன். சுட ஒருவரும் வரவில்லை, ஆகவே கடிதம் எழுதுகிறேன்.

பட்டறைக்காரச் சீனர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இது வாழாது லா. ஸ்பிரிங் மாத்து, முன் கியர் பெட்டி மாத்து, சேசிஸ் வெல்டிங் பண்ணு. பத்து நாள் குடு. இல்லைன்னா வேற வண்டி வாங்கு" என்றார். துரை செலவுக்கு அனுமதி கேட்டு உங்கள் ஏஜெண்டு ஆபீசுக்கு எழுதிவிட்டார். அது உங்கள் மேசைக்குத்தான் வரும். சிவப்பு நாடாவைக் கட்டித் தூங்க வைக்காமல் மேலே அனுப்புங்கள். மழைக்காலம் வந்துவிட்டது.

ஜெராம் கருவாடு ஒரு கட்டு கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். நவமணிக்கு நெத்திலி பிடிக்கும்.

உங்கள் மச்சான்,
உடையப்பன்

*

கிள்ளான்,
16-10-1951

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்குத் தங்கராஜு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

கருவாடு வந்தது. வீடே மணக்கிறது. பக்கத்து வீட்டு யூரேசியக் குடும்பம் சன்னலைச் சாத்திக்கொண்டது. உங்கள் தங்கச்சிக்குத்தான் ஏக சந்தோஷம்.

ஜீப் காகிதம் வந்தது. நீங்கள் நினைப்பது போல நான் தூங்க வைக்கவில்லை. அன்றே எங்கள் ஆபீசுப் பெரிய துரையின் அறைக்கு நேரில் கொண்டு போனேன். உங்களுக்காக எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மார்ச் மாதம் புது லேண்ட்ரோவர் வரப்போகிறது, அதற்குள் கிழட்டு வண்டிக்கு முழு வைத்தியம் எதற்கு என்று ஒரே பிடியாக நிற்கிறார். அவர்கள் முடிவு செய்து விட்டால் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்? பாரத்தைக் குறைத்து மார்ச் வரை ஓட்டும்படி உத்தரவு வரும். மனம் நோக வேண்டாம். என்னால் ஆன மட்டும் வாதாடினேன் என்பதை மட்டும் நம்புங்கள்.

பயலுக்குத் தை பிறந்ததும் காது குத்த நாள் பார்த்திருக்கிறோம். உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இப்போதே துரையிடம் லீவு சொல்லி வையுங்கள். ஆபீசில் எங்கள் எழுத்தர்களுக்கு மேலே இருக்கும் தலைமைக் கிராணி ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு என் பெயரும் அடிபடுகிறது. அம்மனிடம் ஒரு வார்த்தை எனக்காகவும் சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தங்கராஜு

*

பாலத்துத் தோட்டம்,
9-11-1951

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தீபாவளிக்கு வருவீர்கள் என்று பார்த்தோம். என் வீட்டுக்காரி உங்களுக்கென்று எடுத்து வைத்த முறுக்கை எறும்புதான் தின்றது.

நீங்கள் சொன்ன உத்தரவு வந்தது. பட்டறைக்குப் போனோம். ஓட்டுபவன் பக்கத்துத் தகட்டையும் பின்பக்கத் தகட்டையும் அறுத்து எடுத்துவிட்டார்கள். துரை உட்காரும் பக்கத்துத் தகடு அப்படியே இருக்கிறது. பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "துரைக்கு மட்டும்தான் உயிரா? நீ இரும்பிலயா பொறந்த?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

பாரம் குறைந்ததும் ஸ்பிரிங் எழும்பிவிட்டது. வண்டி நிமிர்ந்து நிற்கிறது. நான்தான் குனிந்துகொண்டு ஓட்டுகிறேன்.

எனக்குத் தோன்றிய வைத்தியம் ஒன்று செய்தேன். ஒட்டுப்பால் இரண்டு சாக்கில் அடைத்து என் பக்கத்துக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் கட்டினேன். மரத்தில் வழிந்து காய்ந்த ரப்பர் பால்தானே, குண்டு வந்தால் கொஞ்சமாவது தடுக்காதா என்று ஒரு நினைப்பு. உங்களுக்குத்தான் அந்த நாற்றம் தெரியுமே. இரண்டு நாள் துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள், "டிரைவர், இதை எடுத்து எறி" என்று சொல்லிவிட்டார். எறிந்துவிட்டேன்.

தகட்டை விடுங்கள். முன் கியர் பெட்டியை மட்டுமாவது மாற்றச் சொல்லி இன்னொரு காகிதம் மேலே அனுப்புங்கள். ஓடுகிற வண்டியைச் சுடுவது கஷ்டம். சேற்றில் நிற்கிற வண்டியை யாரும் சுடலாம். தினமும் மழை. காலையில் சாவியைத் திருப்பும்போது இன்று திரும்பி வருவேனா என்று நினைத்துக்கொள்கிறேன். இதை என் வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

உடையப்பன்

*

கிள்ளான்,
20-11-1951

மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் ஆபீஸ் முகவரிக்கு வந்தது. இனி தயவு செய்து வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டுகிறான் என்று பேச இங்கே நாலு வாய் காத்திருக்கிறது.

முன் கியர் பெட்டி விஷயத்தை மறுபடி கிளறுவது நல்லதல்ல. முடிந்த காகிதத்தை நானே திறந்தால் துரைமார்கள் முகம் சுளிப்பார்கள். ஆபத்து உங்களுக்கு மட்டுமா? இந்தக் காலத்தில் பஸ்ஸில் போகிறவனுக்கும் ஆபத்துதான். இன்னும் நாலே மாதம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நல்ல சேதி. தலைமைக் கிராணி வேலை எனக்கே கிடைத்திருக்கிறது. நவமணி உங்களுக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறாள். பயலுக்குக் கடுக்கன் தாய்மாமன் சீர் என்பதால் நீங்களே கிள்ளான் வந்து ஆசாரியிடம் மாதிரி பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். அப்படியே வீட்டில் மத்தியானம் சாப்பிடலாம்.

தங்கராஜு

*

பாலத்துத் தோட்டம்,
30-12-1951

தங்கராஜு அவர்களுக்கு,

டிசம்பர் பதினொன்றாம் தேதி நான் லீவு போட்டுக் கிள்ளான் வந்தேன். ஆசாரியிடம் கடுக்கனை வாங்கினேன். உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். போதும் போதும் என்று சொல்லியும் நீங்கள் இரண்டாம் தடவை மீன் குழம்பு ஊற்றினீர்கள். பயல் என் மடியில் ஏறிச் சட்டைப் பொத்தானைக் கடித்தான்.

அன்று எனக்குப் பதிலாக ஜீப்பை எடுத்தவன் செல்லன். தோட்டத்து லோரி ஓட்டுகிற பையன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பதினெட்டாம் நம்பர்க் காட்டில், அதே இடத்தில், வண்டி புதைந்தது. முன் சக்கரம் இழுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் நான் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. துரைக்குத் தோளில் ஒரு கீறல். அவர் பக்கத்துத் தகட்டில் ஏழு இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை. செல்லன் பக்கத்தில் தடுக்க ஒன்றுமில்லை.

வண்டியை நாங்கள் எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்தோம். இருக்கையை நான்தான் கழுவினேன். வேறு யாரையும் விடவில்லை.

அவன் பெண்டாட்டி வேலம்மா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அண்ணே, அன்னைக்கு நீங்க ஏன் லீவு போட்டீங்க?" கடுக்கன் வாங்கப் போனேன் என்று எந்த வாயால் சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டு என் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் விதி என்று நினைத்திருப்பேன். போலீசு விசாரணைக்காக உங்கள் ஆபீசிலிருந்து ஜீப் காகிதக் கட்டு முழுவதையும் இங்கே அனுப்பினார்கள். தோட்டத்துக் கிராணி அர்ஜுனன் என்னிடம் கையெழுத்து வாங்கக் கூப்பிட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துச் சொன்னார்.

அடியில் எங்கள் துரையின் கடிதம். முழு ரிப்பேரும் செய்ய வேண்டும், மழைக்காலத்தில் ஓட்டுபவன் உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருக்கிறார். ஒட்டுப்பால் நாற்றம் பொறுக்காத அந்த மனிதர் எழுதியிருக்கிறார். அதன் மேல் ஒரு குறிப்பு. முழு ரிப்பேர் அநாவசியம், துரை பக்கத்துத் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றினால் மார்ச் வரை ஓடும் என்று. அதற்குக் கீழே பெரிய துரை ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார். சரி என்று. அந்தக் குறிப்பை எழுதியவர் யாரென்று அர்ஜுனனிடம் கேட்டேன். அவர் கையெழுத்தின் மேல் விரலை வைத்துப் படித்தார். தங்கராஜு.

உங்களை அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயத்தில் எழுதினீர்கள் என்றாவது எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நீங்களாகவே யோசித்து, அந்த நாற்காலிக்காக, அழகாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் உட்காருகிறவன் உங்கள் பெண்டாட்டியின் அண்ணன் என்று தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எனக்காக வாதாடியதாகக் கடிதமும் போட்டீர்கள். அதை நான் நம்பி மற்ற டிரைவர்களிடம் பெருமை பேசினேன். செல்லனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடுக்கனை இத்துடன் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பயல் ஒரு பாவமும் அறியாதவன், போட்டுக்கொள்ளட்டும். காதுகுத்துக்கு நான் வரமாட்டேன். என் மடி கிடைக்காது. உங்கள் வீட்டு வாசலை இனி நான் மிதிப்பதில்லை.

நவமணிக்கு எதையும் எழுதவில்லை. அவள் உங்களோடு வாழ வேண்டியவள். அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டால் காய்ச்சல் என்று சொல்லுங்கள். நம்பும்படி எழுதவும் சொல்லவும் உங்களுக்குத் தெரியும்.

ஜீப் நேற்றுப் பட்டறையிலிருந்து வந்தது. புது ஸ்பிரிங், புது முன் கியர் பெட்டி, என் பக்கத்துக்குப் புதுத் தகடு. வேலைக்கு எட்டே நாள்தான் ஆனது. பதினெட்டாம் நம்பர்க் காட்டில் ஓட்டிப் பார்த்தேன். நாலு சக்கரமும் இழுக்கிறது.

உடையப்பன்