யாரைத் தெண்டம் என்றது?

காஜா பேராங், மலாக்கா
ஜூலை 1957

அன்பு மகன் யூனுஸுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே சுகம், பினாங்கில் உன் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம் வீட்டில் இருந்தது உன் அத்தா, பெரியத்தா காதர் மைதீன், தங்கச்சி ஹஸீனா, பக்கத்து வீட்டு மலாய்க்காரி தீமா, நான், இவ்வளவு பேர்தான். பெரியத்தா நின்றபடியே ஹஸீனா நிக்காஹுக்கு வரமாட்டேன் என்றார், நிச்சய விருந்தில் அவரைச் சின்னப்பிள்ளைகளோடு ஒரே சஹன் தட்டில் சேர்ந்து சாப்பிட உட்கார வைத்தோமாம், கறியைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்று அவருக்கு எலும்புதான் மிஞ்சியதாம். தீமா என் காதில், இவருக்கு டெண்டம் அதிகம் என்று மலாயில் முணுமுணுத்தாள். அந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்துவிட்டது, எவடி என்னைத் தெண்டம் என்றது என்று குதித்தார். ஐயோ மச்சான், அவள் சொன்னது மலாய்ச் சொல், பழி வாங்கும் குணம் என்று அர்த்தம் என்றேன். அப்படியா, அது எனக்கு உண்டுதான் என்று சந்தோஷமாக உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்!

ஒரே தாய்ப்பால் குடித்த உன் அத்தாவோ அடுத்த விருந்துக்குள் எல்லாம் மறப்பார். கடையை மருமகனிடம் விட்ட பிறகு பெரியத்தாவுக்குப் பழிதான் வியாபாரம், அதையும் விட்டால் அவரை யார் தேடுவார்? அடுத்த மாதம் சுதந்திரம், வெள்ளைக்காரனையே கைகுலுக்கி அனுப்பப்போகிறோம், இவர் எலும்பை விடமாட்டார்.

நீயும் பெரியத்தா வார்ப்புதான் மகனே. நம் பண்டார் ஹிலிர் கடையில் நாலுபேர் முன் அத்தா உன்னைத் தெண்டச்சோறு என்றது தப்பு. நானும் அன்றைக்கு உப்பில்லாத ரசம் ஊற்றிப் பழி வாங்கினேன், மனுஷன் ருசியாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டார். பழி வாங்கவும் எதிராளிக்கு நாக்கு வேண்டும். நீ அவருக்கு எழுதாமலிருப்பதும் அதே ரசம்தான், அவருக்கு உறைக்காது, பசியிருப்பது நானும் ஹஸீனாவும்.

யூனுஸ் நானா வராமல் நிக்காஹுக்குச் சம்மதம் சொல்லமாட்டேன் என்கிறாள் அவள். செமாபோக் மாப்பிள்ளை வீட்டார் உங்கள் மகன் எங்கே என்று கேட்கிறார்கள், உன் அத்தா தேத்தண்ணி ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றுகிறார். ஆனாலும் உனக்குப் புதுச் சொங்கோக் தொப்பி வாங்கிக் கடையில் ஒளித்திருக்கிறார், அளவு பெரிசு, உன் தலைக்கனம் அவருக்கு அப்படித் தெரிகிறது.

பஜ்ர் தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் குளிர்ந்த நெஞ்சும் தரட்டும். பெரியத்தா வராவிட்டால் கறி மிச்சம், நீ வராவிட்டால் நிக்காஹ் இல்லை. வருகிறாயா இல்லையா, சீக்கிரம் பதில் எழுது.

உன் உம்மா
சபியா